உல்லாசப் படகுக்காரர் வழக்கு

எங்கள் தமிழ் மன்றத்தில் சென்ற பருவம் நிகழ்ந்த சொற்போரில் யான் வெற்றி பெற்றேன். பரிசாக ஒரு நூலும் கிடைத்தது. அன்று யான் பேசியவற்றுள் பொய் ஒன்றேனும் இல்லை. ஆயினும் அறிந்தே மறைத்தது ஒன்று உண்டு. மாணவன் ஒருவனது பேச்சில் ஒரு செய்தி விடுபட்டமை ஆண்டு மலரில் எழுதத்தக்க அத்துணைப் பெரிய காரியமோ என்று என் அறைத்தோழர் வினவினார். பெரிதாயினும் சிறிதாயினும் அது சில திங்களாக என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருத்தலின், இங்கே சொல்லிவிடத் துணிந்தேன்.

“செல்வர் நுகரும் உல்லாசப் பொருள்கள்மீது தனிவரி விதித்தல் தகும்” என்பது சொற்போரின் பொருள். சீட்டுக் குலுக்கியதில் ஒட்டிப் பேசும் பக்கம் எனக்கு வாய்த்தது; அது கண்டு மகிழ்ந்தேன். விடுதிக் கட்டணம் செலுத்தும் நாள் நெருங்குந்தோறும் வீட்டில் தந்தையார் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து கூட்டிக் கழித்துப் பார்ப்பதைக் கண்டு வளர்ந்தவன் யான். செல்வர்மீது வரி என்றவுடன் வாதங்கள் தாமே வந்து வரிசையில் நின்றன. வேண்டியிருந்ததெல்லாம் அவையோர் நகைக்கத்தக்க ஓர் எடுத்துக்காட்டே. அதனைத் தேடியபொழுது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படகுக்காரர் என் கண்ணிற் பட்டனர். மீன் பிடித்து விற்கவோ சரக்கு ஏற்றவோ அன்றி, பொழுதுபோக்கின் பொருட்டே படகு வைத்திருப்போர் இவர். இவர்க்கென ஒரு சங்கம். அதில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர். சட்டம் செய்வோர்முன் சென்று படகுக்காரர் சார்பில் வாதாடுவதற்கென்றே அச்சங்கத்துக்கு அலுவலர். அவையை நகைப்பிக்க இதனினும் சிறந்த பொருள் வேறு யாது வேண்டும்?

நகைப்பதற்கென்று படிக்கத் தொடங்கிய யான் தொடக்கத்திலேயே சற்றுத் தயங்க நேர்ந்தது. அச்சங்கம் வரியை வெறுத்துப் பிறந்ததன்று. ரிச்சர்டு சுவார்ட்ஸ் என்பவர் வாஷிங்டனில் வழக்கறிஞராய் இருந்தவர். அவருடைய நண்பர் ஒருவரின் படகைக் கடலோரக் காவற்படையினர் நிறுத்திச் சோதித்து, விதிக்கு மாறான குறை ஒன்றின் பொருட்டு அந்நண்பர்மீது குற்றம் பதிந்தனர். அக்குறையோ படகு கட்டும்பொழுதே நீக்கப்பட்டிருக்க வேண்டியது. சட்டம் கட்டியவனைத் தொடவில்லை, வாங்கியவனைத் தொட்டது. கொத்தன் விட்ட பிழைக்குக் குடியிருப்பவனைத் தண்டித்தாற்போன்ற இம்முறை தகாதென்று கண்ட சுவார்ட்ஸ், 1966-ஆம் ஆண்டில் படகுடையார் சங்கத்தை நிறுவினார். போட்யுஎஸ் என்பது அதன் வழங்குபெயர்.

அந்நாட்டுப் பேரவை 1971-இல் இயற்றிய படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொருட்டுக் குரல் கொடுத்தோருள் இச்சங்கமும் ஒன்று. படகு கட்டுவோர்க்கு அளவைகள் வகுக்கும் அதிகாரத்தைக் காவற்படைக்கு அச்சட்டம் அளித்தது. விற்ற பின்னர்க் கேடு பயக்கும் குறை தெரியவரின், வாங்கினோர்க்கு அறிவித்துத் திருத்தித் தரும் கடமையைக் கட்டினோர்மேல் வைத்தது. அதன்வழி வந்த விதிகளால், 20 அடிக்கு உட்பட்ட சிறு படகுகளிற் பெரும்பாலன நீர் நிரம்பினும் அமிழ்ந்துபோகாதவாறு உள்ளே மிதக்கும் பொருள் அடைத்துக் கட்டப்படுகின்றன. நீரில் வீழ்ந்தவன் பற்றிக்கொள்ள ஏதேனும் ஒன்று மேலே எஞ்சி நிற்கும். 1973-இல் அந்நாட்டில் பொழுதுபோக்குப் படகுகளில் இறந்தோர் 1,754 பேர். 2023-இல் இறந்தோர் 564 பேர். இவ்விடைக்காலத்தில் பதிவுபெற்ற படகுகளின் தொகையோ ஏறக்குறைய இருமடங்காயிற்று. இவ்வெண்களை யான் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. வரியைப் பற்றிய சொற்போருக்கு இவை புறம்பானவை என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அது ஒருவாறு மெய்யே. யான் மறைத்தது இதனை அன்று.

வரிக்கு வருகிறேன். நாட்டின் வரவுசெலவிற் கண்ட பற்றாக்குறையைக் குறைக்க வேண்டி 1990-ஆம் ஆண்டின் இறுதியில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, 1991 ஜனவரி முதல் நாள் தொட்டு உல்லாசப் பொருள்கள்மீது வரி விதித்தது. மோட்டார் வண்டி, விமானம், நகை, மென்மயிர்த் தோலாடை ஆகியவற்றோடு படகும் அதில் அடங்கிற்று. ஒரு படகின் விலை 1,00,000 டாலருக்கு மேற்படின், மேற்பட்ட தொகைக்கு 10 விழுக்காடு வரி. இஃது ஏழையைத் தீண்டாத வரி என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றிற்று. ஆனால் அரிசி வாங்குவோன் வரிக்கு அஞ்சி அரிசியை விட்டுவிட இயலாது. உல்லாசப் படகு வாங்குவோன் அதனை விட்டுவிடலாம். அவன் விட்டுவிட்டான். பழைய படகு ஒன்றைத் தேடி வாங்கினான். அன்றேல் பணத்தை வேறு வழியிற் செலவிட்டான். அவனுக்கு ஒரு கோடைகாலம் சற்றுச் சுவை குன்றியது, அவ்வளவே. நியூ ஜெர்சியிலும் புளோரிடாவிலும் படகு கட்டும் தளங்களில் வேலை செய்த தச்சரும், வண்ணம் பூசுவோரும், கண்ணாடியிழை வார்ப்போரும், பொறி பொருத்துவோரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பேரவையின் கூட்டுப் பொருளாதாரக் குழுவினின்று வெளிவந்த மதிப்பீடு ஒன்று, படகுத் தொழிலில் அவ்வரியால் இழக்கப்பட்ட வேலைகள் 7,600 எனக் கூறிற்று. அதே காலத்தில் நாடெங்கும் வாணிக மந்தம் நிலவியதாகலின், அத்தொகை முழுவதையும் வரியின் தலையிற் சுமத்துதல் தகாதென்று மறுத்தோரும் உளர். அம்மறுப்பு நேரியதே. எனினும், படகுடையாரோடு தளங்களின் முதலாளிகளும் தொழிலாளரும் சேர்ந்து முறையிட, 1993-இல் பேரவையே படகின்மீதிருந்த அவ்வரியை நீக்கிற்று.

இதனைப் படித்தபொழுது என் மனக்கண்முன் நின்றவர் என் தாய்மாமன். அவர் கடற்கரையில் படகு கட்டும் தச்சர். ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலமாகிய 61 நாளும் அவருக்குப் பழுது பார்க்கும் வேலை குவியும். ஏனைய திங்களில் எவரேனும் புதுப் படகுக்கு முன்பணம் கொடுத்தாற்றான் அவர் வீட்டு உலை நிம்மதியாய்க் கொதிக்கும். படகு வாங்குவோன் மனம் மாறினால் முதலிற் பசிப்பவர் யார் என்பதை எனக்கு ஒரு குழுவின் மதிப்பீடு சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சொற்போரன்று எதிர்ப்பக்கம் பேசியவர் பொருளாதார வகுப்பு நண்பர். நெறிகளை அழகுறப் பேசினார். எடுத்துக்காட்டு ஒன்றேனும் கொணர்ந்திலர். அவருக்கு வேண்டிய படைக்கலம் என் பையில் இருந்தது! யான் எழுந்து, கரைமேல் நின்று வரிச்சுமை தாங்காது புலம்பும் படகுச் செல்வரை நடித்துக் காட்டினேன். அவை சிரித்தது. முடிவில் நண்பர் ஒரே ஒரு வினா எழுப்பினார்: “அந்த வரி இன்னும் இருக்கிறதா?” “இல்லை, செல்வர் குரல் வலியதாகலின் நீக்கப்பட்டது” என்றேன். மீண்டும் சிரிப்பு. செல்வர் குரல் அதில் இருந்தது மெய்யே. அக்குரலோடு தச்சர் குரலும் கலந்திருந்தது என்பதை விழுங்கிவிட்டேன்.

பரிசு பெற்ற மறுவாரமே மீண்டும் நூலகம் சென்றேன். படகுக்காரருடைய வழக்கை இம்முறை நகைக்காமற் படித்துப் பார்ப்பது என்று ஓர் எண்ணம். அவர் பெரும்பாலோர் யான் நடித்துக் காட்டிய செல்வர் அல்லர். அந்நாட்டுப் பொழுதுபோக்குப் படகுகளிற் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை 26 அடிக்கு உட்பட்டவை. வண்டியின் பின்னே கட்டி இழுத்துச் சென்று ஏரியில் இறக்கத்தக்கவை. உல்லாச வரியை விதித்த அதே சட்டம், 16 அடிக்கு மேற்பட்ட இச்சிறு படகுகளுக்கும் ஆண்டுக்கு 25 டாலர் முதல் 100 டாலர் வரை ஒரு கட்டணம் விதித்தது. காவற்படையின் பணிக்காகப் ‘பயன்படுத்துவோர் கட்டணம்’ என்று அதற்குப் பெயர். பணமோ காவற்படைக்குச் செல்லவில்லை. பொதுக் கருவூலத்திற் கலந்தது. கட்டணமென்று பெயரிட்டு வரி தண்டுதல் முறையோ என்று படகுடையார் சங்கம் வாதிட்டது. 1994-க்குள் அக்கட்டணம் படிப்படியாக ஒழிந்தது. நற்செய்தி நூலில் ஆயக்காரரைப் பற்றி வருமிடங்களைச் சிறு வயதுமுதல் கேட்டு வந்தவன் யான். வரி கொடுப்பது கூடாதென்று ஆங்கு எவரும் கற்பிக்கவில்லை. கணக்குக்கு மிஞ்சி வாங்கியதே சகேயுவின் நெஞ்சைச் சுட்டது.

இவர் எல்லா வரியையும் எதிர்ப்போரும் அல்லர். படகுப் பொறிக்கு வாங்கும் எரிபொருளின்மீது வரி உண்டு. சாலை வண்டிக்கும் படகுக்கும் ஒரே எரிபொருளாகலின், அவ்வரி முழுவதும் சாலைக்கே சென்றுவிடுதல் இயல்பு. 1984-இல் வாலப் என்னும் மேலவை உறுப்பினரும் பிரோ என்னும் கீழவை உறுப்பினரும் கொணர்ந்த திருத்தத்தின்படி, படகுக்காரர் செலுத்தும் எரிபொருள் வரி மீன்வளத்துக்கும் படகுப் பாதுகாப்புக்கும் உரிய நிதியிற் சேர்கிறது. படகு இறக்கும் சரிவுத்துறைகளும், பாதுகாப்பு வகுப்புக்களும், மீன்குஞ்சு விடுதலும் அந்நிதியால் நடைபெறுகின்றன. அதனைப் பேணிக் காப்பதும் சங்கத்தின் வேலைகளுள் ஒன்று. தண்ணீரில் எடுத்தது தண்ணீருக்கே திரும்புகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. சொற்போரில் இதனைச் சொல்லியிருந்தால் என் பக்கத்துக்கே அணியாயிருக்கும் என்பது வேறு கதை!

ஓரிடத்தில் மட்டும் யான் இவரோடு உடன்படேன். 2023-இல் இறந்தோரில் நான்கில் மூவர் மூழ்கி இறந்தவர். மூழ்கியோரில் நூற்றுக்கு 87 பேர் உயிர்காப்புச் சட்டை அணியாதவர். ஓடும் படகில் 13 வயதுக்குட்பட்ட சிறுவர் அதனை அணிய வேண்டுமென்பது விதி. வளர்ந்தோர்க்கோ, அச்சட்டை படகில் இருந்தாற் போதும். ஓட்டுவோன் நீரில் வீழ்ந்தால் பொறியைத் தானே நிறுத்திவிடும் கயிற்றை 26 அடிக்கு உட்பட்ட படகுகளில் அணிந்துகொள்ளுமாறு 2021 ஏப்ரல் முதல் சட்டமே கட்டளையிடுகிறது. சட்டைக்கு அத்தகைய கட்டளை இல்லை. படகுக்காரர் சார்பில் பேசுவோர் வற்புறுத்துவதினும் அறிவுறுத்துவதே சிறந்தது என்பர். சங்கத்தின் அறநிலையம் சிறுவர்க்கு இலவசமாகச் சட்டை இரவல் தருவது போற்றத்தக்கதே. ஆனால் அறிவுறுத்தல் என்னிடத்தில் எவ்வளவு வேலை செய்தது என்பதை யான் அறிவேன். இரண்டாண்டுக்கு முன் தோழரோடு ஓர் ஏரியிற் படகேறியபொழுது, அச்சட்டை வியர்வை நாறிற்று என்று கழற்றிக் காலடியிற் போட்டேன். அணியுமாறு படகோட்டி இருமுறை சொன்னார். எனக்கு நீந்தத் தெரியாது.

விடுமுறையில் மாமாவிடம் சென்றிருந்தபொழுது இவற்றையெல்லாம் சொன்னேன். அமெரிக்கர் வரியைப் பற்றி அவருக்கு அத்துணைக் கருத்தில்லை. கட்டினவன் பொறுப்பு என்ற இடத்தில் மட்டும் இழைப்புளியை நிறுத்தினார். கேரளத்துத் தானூரில் 2023 மே 7-ஆம் நாள் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தனர், சிறுவர் பலர். அது மீன்பிடி படகாயிருந்து மாற்றியமைக்கப்பட்டது என்று செய்தி வந்தது அவருக்கு நினைவிருந்தது. “மீன்பிடி படகுக்குப் பாரம் அடியில் இருக்க வேண்டும், மருமகனே. அதன்மேல் மாடி கட்டி ஆளை ஏற்றினால் தலை கனத்துப்போகும். கட்டினவனுக்கு அது தெரியாமல் இராது” என்றார். நம் நாட்டிலும் 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்துவிட்டது; பதிவும் சோதனையும் அதில் உண்டு. ஆனால் இங்கே உல்லாசப் படகில் ஏறுவோர் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குச் சீட்டு வாங்கினோரே. கரையேறியதும் கலைந்துவிடும் அவர்க்காக ஒரு சங்கம் கூடுவது எங்ஙனம்?

மாமாவிடம் சொற்போரைப் பற்றியும் சொன்னேன். பரிசு பெற்றதைக் கேட்டு மகிழ்ந்தார். பின்னர், “அந்தத் தச்சர்களைப் பற்றிப் பேசினாயா?” என்று கேட்டார்.

“இல்லை, மாமா.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை; பலகையைத் திருப்பி வைத்து மறுபக்கத்தை இழைக்கலானார்.

கல்லூரி திறந்த அன்றே பரிசு நூலை எடுத்துக்கொண்டு மன்றச் செயலாளரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். அவர் கேட்டுச் சிரித்தார். கொடுத்த பரிசைத் திரும்பப் பெறுவதற்கு மன்ற விதிகளில் இடமில்லை என்றும், வேண்டுமானால் அடுத்த பருவம் அதே பொருளை மீண்டும் வைக்கலாம் என்றும் சொன்னார். எதிர்ப்பக்கம் பேச என் பெயரை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பொருளாதார வகுப்பு நண்பரிடமும் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டேன். அவர் இன்னும் என்னோடு முன்போற் பேசவில்லை. நூல் என் மேசைமேல் இருக்கிறது. முதற்பக்கத்தில் இன்னும் பெயர் எழுதவில்லை.