முழங்காலுக்காக வாங்கிய உயரம்

வாகனங்களைப் பற்றி எழுத எங்களுக்குத் தகுதி ஏதும் கிடையாது. எங்களில் ஒருவர் கல்லூரியில் சங்க இலக்கியம் நடத்துபவர். மற்றவர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துபவர். 18 ஆண்டு இல்லறத்தில் வாங்கிய கார்கள் இரண்டே. முதலாவது தரையை ஒட்டி ஓடிய சிறு வண்டி. இரண்டாவது, நடுத்தர எஸ்.யூ.வி. என்று விளம்பரங்கள் அழைக்கும் வகை: ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின், சி.வி.டி. எனப்படும் தானியங்கிக் கியர், 18 அங்குலச் சக்கரங்கள். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இது ஒரு நிறுவனத்தின் மீதான புகார்க் கடிதம் ஆகிவிடும். நாங்கள் பட்ட பாட்டில் எங்களுடைய பங்கும் கொஞ்சநஞ்சமல்ல.

வாங்கியது அம்மாவின் முழங்கால்களுக்காக. (எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை, வீட்டில் இருவருக்குமே அம்மாதான்.) வயது 74. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. பழைய வண்டியில் ஏறுவது அவருக்கு ஒரு சிறு குழியில் இறங்குவது போல. இறங்கும்போதோ, கிணற்றிலிருந்து குடத்தை இழுப்பதைப்போல ஒருவர் கையைப் பிடித்து மேலே இழுக்க, மற்றவர் பின்னாலிருந்து தாங்க வேண்டும். கோயில் வாசலில், கல்யாண மண்டப வாசலில், நாலு பேர் பார்க்க அப்படி இழுபடுவதை அவர் வெறுத்தார். மெல்ல மெல்ல வெளியூர் வருவதையே நிறுத்திக்கொண்டார்.

ஷோரூமில் அந்த உயரமான வண்டியின் கதவைத் திறந்ததும் அம்மா திரும்பி நின்று, யார் கையும் பிடிக்காமல், திண்ணையில் உட்காருவதைப்போல உட்கார்ந்தார். இருக்கை அவருடைய இடுப்பின் உயரத்தில் இருந்தது. “இதுவே இருக்கட்டும் கண்ணு” என்றார். அதற்குப் பிறகு விற்பனையாளர் சொன்ன எதையும் நாங்கள் ஒழுங்காகக் கேட்கவில்லை. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் என்று அவர் சொன்னது மட்டும் காதில் நின்றது. 17 அங்குலச் சக்கரத்தோடு விலை குறைந்த ரகம் ஒன்றும் இருந்தது. 18 அங்குலம்தான் கம்பீரமாக இருக்கிறது என்று முடிவு செய்தவர்கள் நாங்கள். அம்மா சக்கரத்தைப் பார்க்கவேயில்லை.

வாங்கிய மூன்றாம் மாதம் கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். அறப்பளீசுவரருக்கு அம்மா நேர்ந்துகொண்டது ஒன்று ஆறு ஆண்டுகளாக நிலுவையில் இருந்தது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஓரியின் மலையல்லவா, எங்களில் சங்க இலக்கியக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஸ்டீயரிங் ஒரு விரலால் சுழற்றுமளவுக்கு லேசாக இருந்தது. ஊருக்குள் அது வரம். மலையிலோ, சக்கரம் எவ்வளவு திரும்பியிருக்கிறது, ரோட்டை எவ்வளவு பிடித்திருக்கிறது என்ற செய்தி எதுவும் கைக்கு வந்து சேரவில்லை. கொஞ்சம் கூடுதலாகத் திருப்புவதும் பிறகு சரிசெய்வதுமாக ஒவ்வொரு வளைவும் இரண்டு வளைவானது. உயரமான உடம்பு வெளிப்பக்கம் சாய்ந்து, வளைவு முடிந்ததும் நிமிர்ந்து, அதற்குள் அடுத்த வளைவில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. சி.வி.டி.யில் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் இரைச்சல் வரும். இழுவை சற்று நேரம் கழித்தே வரும். வரும்போது தேவைக்கு மேல் வந்துவிடும்.

23ஆம் வளைவில் அம்மா நிறுத்தச் சொன்னார். வாந்தி. 41இல் மறுபடியும். சோளக்காட்டை எட்டியபோது முகம் வெளுத்துப்போய், கதவைத் திறந்து வைத்தபடி அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கோயில் இன்னும் தூரம். “போதும், திரும்பிரலாம்” என்றார். திரும்பினோம். இறங்கும் வழியில் அவர் பேசவில்லை. காரவள்ளி வந்த பிறகு ஒன்று சொன்னார்: “வண்டி ஏறுறதுக்கு நல்லாத்தான் இருக்குது கண்ணு. இருக்கறதுக்குத்தான் முடியல. அடுத்த தடவை நான் பஸ்ஸுல போயிக்கறேன்.”

பஸ் படிக்கட்டு அந்த முழங்காலுக்கு என்ன என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அகநானூற்றின் நான்காம் பாட்டை வகுப்பில் நடத்தாத ஆண்டு கிடையாது. குறுங்குடி மருதனார் பாடியது. வீடு திரும்பும் தலைவன், வழியிலே பூக்களில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் கலங்குமே என்று தேர்மணிகளின் நாவைக் கட்டி ஓசையடக்கி வருகிறான். இந்த நயத்தை ஒரு மணி நேரம் விரித்துரைக்க எங்களால் முடியும். பின்சீட்டில் பெற்ற தாயை வைத்துக்கொண்டு வளைவுக்குள் பிரேக்கை அழுத்தி, வெட்டித் திருப்பி, வெளியே வந்ததும் மிதித்து விரட்டவும் முடிந்திருக்கிறது. வண்டியின் குறை எது, ஓட்டியவரின் குறை எது என்று அன்றிரவு எங்களுக்குள் நடந்த விவாதம் நீண்டது. ஓட்டியவர் யார் என்பது குடும்ப ரகசியம்.

அதே நாளில் சேந்தமங்கலத்துக்கு அருகே டயரில் ஆணி ஏறியது. ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால் அது மற்ற நான்கையும்விட ஒல்லியான சக்கரம், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற வில்லை ஒட்டியிருந்தது. எடையும் இடமும் மிச்சமாம். (புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் பொகுட்டெழினியை, உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் கட்டிச்செல்லும் மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார். அந்த உமணர்கள் முக்கால் அளவு அச்சைக் கட்டிச் சென்றிருந்தால் அதியமானின் மகனுக்கு அது புகழுரை ஆகியிருக்காது.) பஞ்சர் கடைக்காரர் டயரைச் சரிசெய்த கையோடு மற்றவற்றிலும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “எதுக்குங்க இவ்வளவு காத்து?” என்றார். 44 பி.எஸ்.ஐ. காட்டியது. கதவோரத்து அட்டையில் போட்டிருந்தது 33. மலையிறங்கிய சூட்டுக்கு மூன்று நான்கு கழித்தாலும் மிகை மிகைதான். புது வண்டிகள் யார்டில் மாதக்கணக்கில் நிற்கும்போது டயர் அமுங்காமலிருக்கக் காற்றை ஏற்றி வைப்பார்கள். வாடிக்கையாளரிடம் கொடுக்குமுன் குறைக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு அதைச் செய்யவில்லை. முதல் இலவச சர்வீஸிலும் யாரும் பார்க்கவில்லை. மூன்று மாதமாக அம்மா கல்லுருண்டைகளின் மேல் பயணம் செய்திருக்கிறார்.

காற்றைக் குறைத்ததும் வண்டி கொஞ்சம் மனிதத்தன்மை பெற்றது. ஆனால் 18 அங்குலச் சக்கரத்துக்குப் போட்ட டயரின் பக்கச்சுவர் மெல்லியது. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ள அங்கே ரப்பரும் காற்றும் குறைவு. கம்பீரத்துக்குக் கொடுத்த விலையில் அதுவும் அடக்கம்.

இனி மைலேஜ். அம்மா மாடு வைத்திருந்த காலத்துப் பால் கணக்கு நோட்டு ஒன்றின் பின்பக்கங்களில் இந்தக் கணக்கை எழுதி வருகிறோம். வண்டியின் திரை காட்டும் எண்ணை நம்பாமல், டேங்க் நிரம்பப் போட்டு, ஓடி, மறுபடி நிரம்பப் போட்டு, கிலோமீட்டரை லிட்டரால் வகுப்பது. திரை எப்போதும் ஒன்று கூட்டியே சொல்கிறது. ஏ.சி.யோடு ஊருக்குள் 9.5. சேலம் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் 16, அவசரமென்று 100இல் போனால் 13. எல்லாம் சேர்ந்த சராசரி 12. மாதம் 1,200 கி.மீ. ஓட்டம் எங்களுக்கு. 17 கிடைத்தால் 70 லிட்டர் சொச்சம் போதும். கிடைப்பது 12 என்பதால் 100 லிட்டர் ஆகிறது. லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய காலத்தில், அந்த வேறுபாடு அம்மாவின் ஒரு மாத மருந்துச் செலவு.

சர்வீஸ் நிலையத்தில் நோட்டைக் காட்டினோம். அங்கிருந்த இளைஞர் பணிவோடு, “அது ஓட்டுற முறையைப் பொறுத்ததுங்க சார்” என்றார். இந்த வாசகத்தில் பொய் இல்லை என்பதுதான் எரிச்சல். அகநானூற்றுக் குற்ற உணர்வு வேறு இருந்ததால் உடனடியாக மறுக்கவும் முடியவில்லை.

17 என்ற எண் எங்கே பிறக்கிறது என்று பின்னர்தான் தேடிப் படித்தோம். புணேயிலுள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிலையங்களில், கட்டடத்துக்குள்ளே, சுழலும் உருளைகளின் மேல் சக்கரங்களை நிறுத்தி வண்டியை ஓட்டுகிறார்கள். (அச்சங்கத்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘அராய்’ என்று வரும். முதலெழுத்தை நீட்டிப் படிக்கத் தமிழாசிரியர்களுக்கு உரிமை உண்டு.) எங்கள் வண்டி சோதிக்கப்பட்ட முறையில், ஓட்டம் ஏறத்தாழ 20 நிமிடம், தூரம் 10 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், எந்த நொடியில் வேகம் கூட்டுவது, எந்த நொடியில் நிறுத்துவது என்பது முன்பே வகுக்கப்பட்டது, உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. ஏ.சி. ஓடாது. மேடில்லை, குறுக்கே ஆடில்லை, பின்சீட்டில் அம்மா இல்லை. எல்லா நிறுவனங்களின் வண்டிகளையும் ஒரே கோலால் அளக்க அது நல்ல ஏற்பாடு. அதை வாக்குறுதியாகப் படித்தது நாங்கள். படித்துக்கொள்ளட்டும் என்று விட்டது விற்றவர்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. 2025இல் நாடு 20 விழுக்காடு எத்தனால் கலப்பை எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் அடங்கிய வெப்பம் பெட்ரோலினுடையதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. ஆகவே கலப்பு பெட்ரோலின் ஒவ்வொரு லிட்டரிலும் சுத்த பெட்ரோலைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு வெப்பம் குறைவு. இதை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா, “பெட்ரோல்லயும் தண்ணி ஊத்தறாங்களா?” என்று கேட்டார். தண்ணீர் அல்ல, கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் சாராயம் என்றோம். அவர் முகத்தில் மரியாதை கூடவில்லை.

எங்களில் கணக்காசிரியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்குக் கணக்குப் போட்டார். ஆளும் சுமையும் சேர்ந்து வண்டி 1,600 கிலோ. அதை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 16 மெகாஜூல். ஒரு லிட்டர் எரிபொருளில் 30 மெகாஜூலுக்குப் பக்கம் இருந்தாலும், அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும். மற்றது சூடாகப் போய்விடும். எனவே மலையில் தூக்குவதற்கு மட்டுமே இரண்டு லிட்டருக்கு மேல். சமதரையில் அந்தத் தூரத்தை உருட்டும் செலவு தனி. ஏற்றத்தில் எங்கள் மைலேஜ் 7க்கும் கீழே போனதில் மர்மம் எதுவும் இல்லை. இறங்கும்போது காலை எடுத்துவிட்டால் எஞ்சின் எரிபொருளை நிறுத்திக்கொள்ளும்; கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், முழுவதும் அல்ல.

அந்தக் கணக்குத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் இரண்டு புகார்களும் ஒரே இடத்திலிருந்து வருவது கண்ணில் பட்டது. உயரமான வண்டி அகன்ற மார்போடு காற்றை எதிர்க்கிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடியில் ஏறும். 80லிருந்து 100க்குப் போனால் ஒன்றரை மடங்குக்கும் மேல். அதே உயரம் எடையை மேலே தூக்கி வைப்பதால் வளைவில் சாய்கிறது. அந்த உயரத்தைத்தான் அம்மாவின் முழங்காலுக்கென்று நாங்கள் தேடி வாங்கினோம். போதாக்குறைக்கு, காற்றை 33க்கு இறக்கியதும் அவருடைய முதுகு பிழைத்தது. நோட்டில் மைலேஜ் அரைப்புள்ளி சரிந்தது. சக்கரங்களை 17 அங்குலத்துக்கு மாற்றலாமா என்று விசாரித்தோம். சொன்ன தொகையைக் கேட்டுவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாம் முறை கிளம்ப அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஐந்து மாதமாயிற்று. விடிகாலையில் புறப்பட்டோம், ஏ.சி. இல்லாமல். அவரை முன்சீட்டில் உட்கார வைத்தோம். வளைவு வருவதைக் கண் முன்கூட்டியே பார்த்துவிட்டால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போடு அதற்குச் சண்டை வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கியரைக் கையால் தேர்ந்துகொள்ளும் நிலையில் வைத்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே எதையும் தொடாமல் ஓட்டினோம். பின்னால் வந்த பைக்காரர்கள் ஆரன் அடித்துச் சலித்து முந்திப் போனார்கள். அம்மா வளைவுப் பலகைகளின் எண்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். 23 வந்தபோது நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். அவர் 24 என்றார்.

67இல் ஒருமுறை நிறுத்தச் சொன்னார். இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழே சற்று நேரம் பார்த்துவிட்டு, தானாகவே ஏறி உட்கார்ந்தார். பெரியகோவிலூரில் கோயில் வாசலுக்கு முன்னால், கையை நீட்டிய எங்களை விலக்கிவிட்டு இறங்கினார்.

வீட்டுக்கு வந்து டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டபோது போக வர 9.8. நோட்டில் அதை எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அம்மாவின் பழைய கையெழுத்து: காலை 4 லிட்டர், மாலை 3 லிட்டர், கன்றுக்கு விட்டது கணக்கில் இல்லை.