பிளாஷும் மீஸான் கல்லும்

கல்யாண வீட்டுப் படங்களில் மாப்பிள்ளையின் முகம் சுண்ணாம்புச் சுவராக வெளுத்தும், பின்வரிசைப் பெரியவர்கள் இருளில் கரைந்தும் காணப்படுவது நம் இல்லங்கள்தோறும் உள்ளதே. பழி முழுவதும் காமிராவின் தலையில் செருகும் பிளாஷ் என்னும் சிறு கருவியின் மீதே விழுகிறது. அரபி இலக்கணம் போதிக்கும் நமக்கும் அக்கருவிக்கும் யாது தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பை உண்டாக்கியது ஒரு மீஸான் கல்.

கோட்டாற்றில் நம் முன்னோர் அடங்கியுள்ள மையவாடியின் பழைய பகுதியைச் சீர்செய்ய ஏற்பாடாயிற்று. உரியவர்கள் தத்தம் கபுறுகளை முன்னதாக அடையாளம் காட்ட வேண்டும் என்றனர். நம் உம்மாவின் பாட்டனாருடைய கபுறு எது என்பதில் உறவினரிடையே கருத்து வேற்றுமை. அருகருகே இரண்டு கற்கள். தென்மேற்கும் வடகிழக்குமாக இரு பருவமழைகளையும் காணும் இந்த நாஞ்சில் மண்ணில் எழுத்துகள் தேய்ந்து, விரலுக்குத் தட்டுப்பட்டனவேயன்றிக் கண்ணுக்குப் புலப்படவில்லை. படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று நம் மருமகன் காமிராவும் பிளாஷுமாக வந்து சேர்ந்தார்.

பிளாஷ் எரியவில்லை. மூடியைத் திறந்தால் பாட்டரி கசிந்து, தகடுகளில் வெண்பச்சை உப்புப் பூத்திருந்தது. ஈரக்காற்று வீசும் ஊரில் பாட்டரியை உள்ளேயே வைத்து மாதக்கணக்கில் மறந்துவிட்டால் நேர்வது இதுவே. பஞ்சில் சிறிது வினிகரைத் தொட்டு உப்பைத் துடைத்து, நன்றாக உலர்த்தியபின் புதுப் பாட்டரி இட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போதும் மௌனம் சாதித்தால், காமிராவோடு பொருந்தும் அடிப்பகுதி முழுமையாக உள்ளே சென்றிருக்கிறதா, அங்குள்ள தொடுமுனைகளில் அழுக்குப் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் வீட்டிலேயே செய்யத்தக்கவை. கருவியின் உட்பகுதியைத் திருகிப் பிரிப்பது மட்டும் கூடாது. பாட்டரியை எடுத்துவிட்ட பின்னரும் உள்ளேயுள்ள மின்தேக்கி 300 வோல்ட் அளவிலான மின்சாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கக் கூடும். வாப்பா காலத்துப் பழைய பிளாஷை இன்றைய டிஜிட்டல் காமிராவில் ஆராயாமல் செருகுவதும் ஆபத்தே. அவற்றுள் சில 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைக் காமிராவுக்குள் செலுத்தி அதன் நுண்சுற்றுகளைக் கெடுத்துவிடும்.

பிளாஷ் எரிந்தது. ஆனால் முதற் படத்தில் பாதி கருப்பு. ஷட்டரின் வேகம் 1/500 நொடியில் இருந்தது. அந்த வேகத்தில் திரை முழுதும் ஒருசேரத் திறப்பதில்லை. ஒரு பிளவாக நகர்ந்து செல்கிறது. பிளாஷின் ஒளியோ கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறுகியது. பிளவு நின்ற இடம் மட்டும் ஒளி பெற்றது. வேகத்தை 1/200க்குக் குறைத்ததும் கல் முழுமையாகத் தெரிந்தது. எழுத்துத்தான் ஒன்றுகூட இல்லை! நேர் எதிரிலிருந்து பாய்ந்த ஒளி மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக வெளுத்துவிட்டது.

இவ்விடத்தில் நமக்கு இப்னுல் ஹைதம் நினைவுக்கு வந்தார். பஸராவில் கி.பி. 965 அளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அப்பேரறிஞர், தமது 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஏழு பாகங்கள் கொண்ட நூலில் ஒளியின் போக்கைச் சோதனை வழியே ஆராய்ந்தவர். பொருள் இருந்தால் மட்டும் போதாது; அதன்மீது ஒளி விழும் விதமும் காட்சியை ஆக்குகிறது என்பது அந்நூலை அறிந்தோருக்குப் புதிதன்று. பிளாஷைக் காமிராவிலிருந்து கழற்றி, இணைப்புக் கம்பி பூட்டி, கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய அதன் முகத்தை உரசினாற்போலப் பிடிக்கச் சொன்னோம்.

சாய்ந்து விழுந்த ஒளியில் ஒவ்வொரு புடைப்பும் தன் நிழலை ஈன்றது. முதற்கல்லில் 'ரஜப்' என்று வாசித்தோம். இரண்டாவதில் ஷீனின் மூன்று புள்ளிகளும் மூன்று சிறு நிழல்களாக எழுந்தன. ஷஃபான்! எண்பதைக் கடந்த மாமியிடம் படத்தைக் காட்டி வாசித்துச் சொன்னோம்.

"நோம்புக்கு முந்தின மாசந்தான் மௌத்தானாங்கன்னு எங்க உம்மா சொல்லுவாங்க. அப்ப அந்தக் கல்லுதான்," என்றார் அவர். அத்துடன் வழக்குத் தீர்ந்தது. கல்லுக்கு அடையாளமும் இட்டாயிற்று.

அன்று கற்றது கல்யாண வீட்டுக்கும் உதவுகிறது. தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகக் குன்றும். ஆகவேதான் முன்வரிசை வெளுக்கப் பின்வரிசை கறுக்கிறது. பிளாஷின் தலையை வெண்ணிறக் கூரையை நோக்கித் திருப்பினால் ஒளி பரவி இறங்கி, அனைவர் முகத்திலும் ஏறத்தாழ ஒரே சீராகப் படியும். பழைய மச்சு வீட்டின் கருமரம் ஒளியை விழுங்கிவிடும். அங்கே இது பலிக்காது. பச்சை வண்ணம் பூசிய சுவரில் மோதவிட்டால் மணமகனும் பச்சையாகவே வருவார். நம்மவருக்குப் பிடித்த நிறந்தான், எனினும் முகத்துக்கு ஆகாது! மூக்குக் கண்ணாடி அணிந்தோரைச் சற்றே தலை தாழ்த்தச் சொன்னால், எதிரொளி காமிராவுக்குத் திரும்பாமல் வேறு திசையில் சென்றுவிடும்.

மருமகன் இப்போது பாட்டரிகளைக் கழற்றித் தனி டப்பியில் வைத்துவிட்டே பிளாஷை அலமாரியில் வைக்கிறார்.