வட்டில் இல்லாத கோப்பு

கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘பிராப்பர்டீஸ்’ பார்த்தேன். அளவு 2.3 ஜிபி. கீழ் வரியில், வட்டில் பிடித்திருக்கும் இடம்: 0 பைட். பெயர் உண்டு, தேதி உண்டு, உள்ளே ஒன்றுமில்லை. திறந்தால்தான் சர்வரிலிருந்து இறங்கும்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலத்தில் அம்மா ஒரு காலத்தில் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து சிப்புக்குக் கம்பி இணைத்தார். நான் அதே வட்டாரத்தில் உட்கார்ந்து இல்லாத கோப்பை இருப்பதாகக் காட்டும் மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் சிங்க் மென்பொருளுக்கு எந்த நுட்பம் என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டிவிட்டால் போதும் என்றான் உடன் வேலை செய்யும் தம்பி ஒருவன். சுலபம்தான், ஆனால் வால் முளைத்த கோப்பை எந்தச் செயலியும் அடையாளம் காணாது. மேக்கில் யோசிக்க ஒன்றுமில்லை. கெர்னல் வழியை ஆப்பிள் அடைத்துக்கொண்டே வந்து, தன் ‘ஃபைல் ப்ரொவைடர்’ வசதியின் பக்கம் தள்ளிவிட்டது. லினக்ஸில், கோப்புறையையே நம் நிரல் நடத்த விடும் ஃப்யூஸ். விண்டோஸில்தான் இழுபறி.

இந்த வித்தையை முதலில் செய்தது யார் என்று தேடப் போனேன். ஃப்யூஸ் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது 2005-இல். வெப்டேவ் சர்வரைக் கோப்புறையாகக் காட்டும் டேவ்எஃப்எஸ்2 என்ற மென்பொருளோ, ஃப்யூஸ் இல்லாவிட்டால் ‘கோடா’ என்ற கோப்பு முறைமையின் கெர்னல் பகுதியை ஒரு காலத்தில் பயன்படுத்திக்கொண்டது. கோடா யாருடையது? பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், 1987-இல் மகாதேவ் சத்தியநாராயணன் குழு தொடங்கியது. மனிதர் 1970-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்! இரவு பதினொரு மணிக்கு இதைப் படித்துவிட்டு, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் அம்மாவிடம் சொன்னேன்.

கோடாவுக்கு முன் சத்தியநாராயணன் ஈடுபட்ட ஏ.எஃப்.எஸ். கோப்பு முறைமையிலேயே அடிப்படை இருந்தது. கோப்பைத் திறக்கும்போது முழுதாக இறக்கு. அதன்பின் படிப்பதும் எழுதுவதும் சொந்த வட்டில். மூடும்போது திருப்பி அனுப்பு. கோடா கேட்டது அடுத்த கேள்வி: லைன் அறுந்தால்? 1991-இல் கிஸ்லர் என்பவருடன் அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் பதில் இருக்கிறது. எந்தக் கோப்பு எவ்வளவு முக்கியம் என்று பயனர் பட்டியல் தருவார். தொடர்பு இருக்கும்போதே கோடா அவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தொடர்பு போனால் அதிலேயே வேலை. திரும்பினால் மாற்றங்களைச் சர்வரில் சேர்க்கும்.

அதுவரை நாங்கள் வேகத்தைப் பற்றித்தான் சண்டை போட்டோம். பக்கத்திலேயே விமான நிலையம்; விமானத்தில் ஏறியவர் கோப்பைத் திறந்தால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. விண்டோஸிலும் ஃப்யூஸ் பாணியில் போனால் எல்லாமே எங்கள் நிரல் வழியாகப் போகும். நிரல் செத்தால் கோப்புறையே செத்தது. விண்டோஸ் 2017-இல் கொண்டுவந்த கிளவுட் ஃபைல்ஸில், இறங்கிய கோப்பு சாதாரணக் கோப்பாக வட்டிலேயே கிடக்கும். நாங்கள் செத்தாலும் அது திறக்கும். அதையே எடுத்தோம்.

முதலில் எழுதியது, கோப்பைக் கணினியிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் வசதி. கோடா அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘பதுக்கல்’.

“மெனுல அப்படியே போட்டுடலாமாண்ணே?” என்றான் தம்பி. “சீனி, சமையல் எண்ணெய்னு நெனச்சு அமலாக்கக்காரங்க வந்துடப் போறாங்க.”