சலேத் மலையடிவாரத்தில் ஒரு சமையலறை

பிரான்சு நாட்டின் தென்கிழக்கே, ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையில், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் சலேத் அன்னையின் திருத்தலம் அமைந்துள்ளது. கிரனோபிள் நகரிலிருந்து தெற்கே சென்று, கோர் என்னும் சிற்றூரை அடைந்து, அங்கிருந்து வளைந்து வளைந்து மலையேற வேண்டும். செப்டம்பர் மாத இறுதியில் நாங்கள் திருயாத்திரையாகச் சென்றோம். மேலே புல்வெளியும் பாறையும் வானமுமே கண்ணுக்குத் தெரிந்தன. கீழே பள்ளத்தாக்கிலோ இலைகள் மஞ்சள் நிறம் கொள்ளத் தொடங்கியிருந்தன. மரத்தடிகளில் ஆப்பிள்கள் உதிர்ந்து கிடந்தன.

1846ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், இம்மலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமின் என்ற இரு சிறார்க்கு அன்னை காட்சி தந்தார். முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்த அன்னை, மக்கள் மனந்திரும்பவேண்டும் என்றார். உருளைக்கிழங்கு அழுகுவதையும், கோதுமை பொடியாகிப் போவதையும், அக்ரூட் கொட்டைகள் கெடுவதையும், திராட்சை அழுகுவதையும் குறித்துப் பேசினார். ஐரோப்பாவின் பல பகுதிகளில் உருளைக்கிழங்கு நோயினால் பஞ்சம் பரவியிருந்த காலம் அது. 1851இல் கிரனோபிள் ஆயர் இக்காட்சியை ஏற்று அறிவித்தார்.

அன்னையின் சொற்களுள் ஒன்று என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஒருமுறை கெட்டுப்போன கோதுமையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில், மாக்சிமினின் தந்தை ஒரு துண்டு அப்பத்தை மகனிடம் நீட்டி, அடுத்த ஆண்டு யாருக்கு அப்பம் கிடைக்குமோ என்று வருந்தினாராம். சிறுவன் மறந்துவிட்ட அந்நிகழ்ச்சியை அன்னையே நினைவூட்டினார். ஓர் ஏழைத் தகப்பனின் கவலை விண்ணகத்திலும் கேட்கப்பட்டிருக்கிறது!

அன்று மாலை கோரில் ஒரு மூதாட்டியின் இல்லத்தில் தங்கினோம். அவர் கூடை நிறைய உதிர்ந்த ஆப்பிள்களைக் கொணர்ந்தார். நானும் கத்தியை எடுத்துக்கொண்டு உதவ அமர்ந்தேன். அடிபட்டவற்றையும் புழுத் துளைத்தவற்றையும் எறிவதற்காக ஒதுக்கினேன். மூதாட்டி ஒன்றும் பேசாமல் அவற்றைத் தம் பக்கம் இழுத்து, கெட்ட பகுதியை மட்டும் அரிந்து நீக்கி, எஞ்சியதைப் பாத்திரத்தில் இட்டார்.

'கொம்போத்' என்னும் அப்பண்டத்தின் செய்முறை மிக எளிது. ஒரு கிலோ ஆப்பிளைத் தோலும் விதைக்கூடும் நீக்கித் துண்டுகளாக்கி, அடிகனமான பாத்திரத்தில் இட்டு, அரை டம்ளர் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, சிறிது எலுமிச்சைச் சாறு, ஒரு துண்டு பட்டை சேர்த்து மூடவேண்டும். பழமே நீர் விடுமாதலால் தண்ணீர் மிகலாகாது. இளந்தீயில் இருபது நிமிடம் வெந்ததும், பட்டையை நீக்கிவிட்டு, மரக்கரண்டியால் மசித்து, நீர் வற்றும்வரை கிளறி இறக்கலாம். மூதாட்டி அதன்மேல் உடைத்த அக்ரூட் பருப்பைத் தூவிப் பரிமாறினார்.

உண்ணும்போது, எங்களுடன் வந்த குருவானவர் வழியாக அவரிடம், "அம்மா, இவ்வளவு பழம் இருக்கும்போது கெட்டதை ஏன் பொறுக்கவேண்டும்?" என்று கேட்டேன். "மகளே, அன்னை எதற்காக அழுதார் என்று மேலே கேட்டுவிட்டுத்தானே வந்தாய்?" என்றார் அவர்.

நான் தலைகுனிந்தேன். என் மகளின் புதுநன்மை விருந்தில் மீந்த அரை அண்டாச் சோற்றைக் கொல்லைக் குழியில் கொட்டச் சொன்னவள் நான். அன்றாட உணவுக்காக நாள்தோறும் மன்றாடும் அதே வாயால் அன்று அப்படிச் சொன்னேன்.

நம் கொடைக்கானலிலும் சலேத் அன்னைக்கு ஓர் ஆலயம் உண்டு. அம்மலையில் விளையும் கடினமான பேரிக்காயையும் இம்முறையிலேயே சமைக்கலாம். வேகச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஊர் திரும்பியபின் நான் முதலில் சமைத்தது அதைத்தான். அடிபட்ட காய்களை என் மகள் ஒதுக்கினாள். நான் ஒன்றும் பேசாமல் அவற்றை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, அவளும் கத்தியை எடுத்தாள்.