தறிக்குழியில் தண்ணீர்

வாலாஜாபாத் போகிறேன் என்று சொன்னால் பத்தில் ஐந்து பேர், 'ராணிப்பேட்டை பக்கத்துலதானே?' என்பார்கள். அது வாலாஜாபேட்டை. தியாகராஜரின் சீடர் வெங்கடரமண பாகவதர் வாழ்ந்த ஊர். நான் சொல்வது காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில் இருப்பது. இரண்டுமே ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரில் வந்தவை. ஒரே நவாப், இரண்டு ஊர், இருநூறு வருஷக் குழப்பம். தபால்காரர்கள் பாவம்.

போன ஐப்பசியில், தாம்பரத்தில் பஸ் ஏறும்போதே தூறல். ஒரகடம் தாண்டியதும் ஊற்ற ஆரம்பித்துவிட்டது. என் ஜன்னலின் ஷட்டர் மட்டும் பாதியில் நின்றுகொண்டு இறங்க மறுத்தது. இடது தோள் நனைய, வலது தோளில் பக்கத்து சீட்காரர் தூங்க, காதில் மார்வின் கே பாடிக்கொண்டிருந்தார்.

மார்வின் கேயைத் தெரியாதவர்களுக்கு: அமெரிக்கக் கறுப்பினத்தவரின் 'சோல்' இசையில் பெரிய கை. சர்ச்சில் பாடும் பாட்டை வீதிக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும், அதுதான் சோல். 1971-ல் வந்த அவருடைய 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தின் அட்டையில், கறுப்பு மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு தூறலில் நிற்பார். வியட்நாம் போரிலிருந்து தம்பி எழுதிய கடிதங்கள் அவரை ரொம்பவே உலுக்கியிருந்தன. மோட்டவுன் கம்பெனி முதலாளிக்கு அந்தப் பாட்டு முதலில் பிடிக்கவே இல்லை. காதல் பாட்டு பாடுகிறவனுக்கு எதற்கு ஊர் வம்பு என்று நினைத்திருக்கலாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? 1988-ல் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேர் ஒரு அறையில் இருந்தோம். நான், கப்பலில் வேலை பார்த்த ஒருவர், அப்புறம் 'தறிக்காரன்'. கப்பல்காரர் ஒருநாள் இரண்டு மாத வாடகை பாக்கியை வைத்துவிட்டு ஒரு ஷூ பெட்டி நிறைய கேசட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. இளையராஜா தவிர வேறு தெய்வம் அறியாத எங்கள் இருவருக்கும் அந்தப் பெட்டிதான் சர்வகலாசாலை.

தறிக்காரன் என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில், ஐயம்பேட்டையில் நெசவாளி வீட்டுப் பிள்ளை. ஏழு வயதிலேயே அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து கோர்வை வாங்கியவன். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்றால் ஒரு ஆள் நெய்ய முடியாது. கரைப் பக்கத்து நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். அந்தச் சின்னக் கை இவனுடையது. மேன்ஷன் கட்டிலில் பாட்டுக் கேட்கும்போதுகூட அவன் கால் இரண்டும் மிதி மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டிருக்கும்.

அவன்தான் ஒருநாள் கேசட் உறையை விளக்கடியில் பிடித்துப் படித்துவிட்டு, "இதுல வாசிச்சவங்க பேரெல்லாம் போட்டிருக்காண்டா" என்றான். அது விஷயம்தான். மோட்டவுன் ஆல்பங்களில் அதுவரை வாத்தியக்காரர்கள் பெயரைப் போடும் வழக்கமில்லை. ஜேம்ஸ் ஜேமர்சன் என்கிற பேஸ் கிட்டார்காரர் எத்தனையோ ஹிட் பாட்டுகளுக்கு வாசித்தும் வெளியே பெயர் தெரியாமல் இருந்தார். இந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டுக்கு, குடித்துவிட்டு உட்கார முடியாமல் தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்தாராம். "எங்கப்பா நெஞ்ச சேலையில முதலாளி கடை பேருதான் இருக்கும்" என்றான் தறிக்காரன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பெட்டியில் இன்னொரு பொக்கிஷம் பில் விதர்ஸ். அதே 1971-ல் வந்த 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்'. விமானத்துக்கு டாய்லெட் சீட் செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அட்டைப் படத்தில் கையில் டிபன் பெட்டியோடு நிற்கிறார். சின்ன வயதில் திக்குவாய். பாட்டு ஹிட்டான பிறகும் சினிமாக்காரன் போலக் குதிக்காமல், வேலையை விடலாமா வேண்டாமா என்று யோசித்த ஜாக்கிரதைக்காரர். 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' என்று பாட்டியின் கைகளைப் பற்றி மட்டும் ஒரு பாட்டு. இரண்டே நிமிஷம். தறிக்காரன் அதைத் திரும்பத் திரும்ப ரீவைண்ட் செய்து கேட்டதில் நாடா ஒரு இடத்தில் இழுத்துக்கொண்டு, பாட்டிக்கே ஜலதோஷம் பிடித்ததுபோல் ஆகிவிட்டது.

அந்த டிபன் பெட்டிப் படத்தை வைத்துத்தான் நான் அவனைக் கெடுத்தேன்.

1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் ஒரு ஃபேக்டரியில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். தறிக்காரன் அப்போது ஊருக்கே திரும்பி, அப்பாவோடு நெய்துகொண்டிருந்தான். நான் போய், "தறியில என்னடா இருக்கு? மாசம் பொறந்தா சம்பளம். பில் விதர்ஸே ஃபேக்டரிதான்" என்றேன். அவன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் ஜரிகையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

பிரஸ் ஷாப்பில் போட்டார்கள். தகடு அடிக்கும் இடம். இருபத்தொரு வருஷம். 85 டெசிபலுக்கு மேல் தினம் எட்டு மணி நேரம் கேட்டால் காது போகும் என்பது டாக்டர்களுக்குத் தெரியும். அங்கே காதடைப்பான் பெட்டியில் இருந்தது, பெட்டி பூட்டியிருந்தது. இப்படிப் போகிற காது ஒரேயடியாகப் போகாது. முதலில் மேல் ஸ்தாயி போகும், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். குயில், கொலுசு, குழந்தைகள் பேச்சு, வயலின். அடிச் சத்தம் கடைசிவரை மிஞ்சும். இது எனக்கு அவனிடம் போனில் பேசும்போது புரியாமல், அவன் மகள் விளக்கிச் சொன்ன பிறகுதான் புரிந்தது. அதற்குத்தான் இந்த மழையில் பஸ் ஏறினேன்.

பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான். அன்றைக்கு செம்மண் நிறத்தில் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. தென்னேரி நிரம்பிவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை. தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. மழைக்காலம் நெசவாளிக்குப் பட்டினிக்காலம். ஈரம் ஏறினால் பட்டுப் பாவு ஒன்றோடொன்று ஒட்டும், தறிக்குழியில் தரையிலிருந்தே தண்ணீர் ஊறும்.

அவன் வீட்டிலும் குழியில் முழங்கால் அளவு தண்ணீர். வேலையை விட்டபின் அப்பாவின் தறியில்தான் உட்கார்ந்திருக்கிறான். அப்பா இல்லை. அம்மா, எண்பது வயசு, "வாப்பா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று துண்டை நீட்டினார்.

சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். மரத் தறியின் மேல் வைத்து மார்வின் கேயைப் போட்டேன். அவன் தறிக்காலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

"வயலின் வருதா இப்ப?"

"வருது" என்று சத்தமாகச் சொன்னேன்.

"எனக்கு வரல. அந்தப் படுத்துக்கிட்டு வாசிச்ச ஆளு இருக்கான் பாரு, அவன் மட்டும் அப்படியே இருக்கான். முன்னைவிட நல்லாவே கேக்குறான். மத்தவங்கள்லாம் எழுந்து போயிட்டாங்க, அதான்."

கால் ஆட ஆரம்பித்தது.

நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை மெதுவாகச் சொன்னேன். "நான்தாண்டா உன்னை அங்க சேர்த்துவிட்டேன்."

"என்ன?"

இன்னொரு தடவை சொல்ல வேண்டுமானால் கத்த வேண்டும். அடுப்படியில் அம்மா இருந்தார். "மழை விடலேன்னு சொன்னேன்" என்றேன்.

அவன் கண்ணைத் திறக்காமலே, "உதட்டைப் படிக்கக் கத்துக்கிட்டு அஞ்சு வருஷமாச்சு. கண்ணை மூடுறதுக்கு முன்னாடியே நீ வாயைத் திறந்துட்ட. நீ எப்பவும் பாட்டு முடியறதுக்குள்ள பேசுறவன்" என்றான். பிறகு கண்ணைத் திறந்து, மூலையில் இருந்த வாளியைக் காட்டினான். "அதை எடு. குழியை இறைச்சாத்தான் ரெண்டு நாள்ல உட்கார முடியும். ஒரு சேலை பாதியில நிக்குது."

பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அவன் மொண்டு கொடுக்க, நான் வாங்கித் திண்ணைக்கு வெளியே ஊற்றினேன். பில் விதர்ஸின் பாட்டி வந்தபோது அம்மா காபியோடு வந்து, "யாருப்பா இது, குரல் நல்லாயிருக்கே" என்றார்.