மாநாட்டு இடைவேளையில் ஸ்ரீரங்கம்: என் அம்மாவின் பாதங்கள்

1. திருச்சியில் மாநாடு என்று அழைப்பு வந்தால் நம்மில் பலரும் போடும் கணக்கு ஒன்றுதான். "ரெண்டு நாள் மாநாடு. நடுவுல எப்படியும் கேப் கிடைக்கும். ஸ்ரீரங்கம், மலைக்கோட்டை முடிச்சிடலாம். வீட்ல பெரியவங்களையும் கூட்டிட்டுப் போயிடலாம்." நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். அது எங்கே தப்பியது என்று சொல்லத்தான் இந்த திரெட். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க.

2. முதலில் ஒன்று. மாநாடு நடத்த திருச்சி அருமையான ஊர். மாநிலத்தின் நடுவில் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்தே பாரத்தில் நாலு மணி நேரம்கூட ஆகாது. விமான நிலையத்தின் புது முனையம் 2024 ஜூனில் செயல்பாட்டுக்கு வந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து நேராக வந்து இறங்கலாம். ஜங்ஷன், கன்டோன்மென்ட் பக்கமே நல்ல ஹோட்டல்கள். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் 1-ஆம் நம்பர் பஸ் ஏறினால் சத்திரம், காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம். டாக்ஸிகூடத் தேவையில்லை.

3. இனி என் கதை. இரண்டு வருடங்களுக்கு முன், ஏப்ரல் மாதம். அம்மாவுக்கு 68 வயது, இருபது வருட சர்க்கரை நோய். "எய்யா, ரெங்கநாதரை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்" என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று முறை மாநாட்டுக்குத் திருச்சி வந்தும் கூட்டி வந்ததில்லை. அந்த முறை கூட்டி வந்தேன்.

4. காலை 9.30-க்கு என் உரை. அடுத்து நான் இருக்க வேண்டிய அமர்வு மதியம் 3 மணிக்கு. நடுவில் கிடைத்த நேரத்தில் கிளம்பினோம். உரையின் தலைப்பு என்ன தெரியுமா? சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு. சிரிக்காதீங்க.

5. சீக்கிரம் திரும்பணுமே என்று செருப்பை டாக்ஸியிலேயே விட்டோம். தரிசனம் நன்றாக ஆனது. அம்மா கண்கலங்கி நின்றார். வெளியே வரும்போது உச்சி வெயில். கூட்டத்தால் டாக்ஸிக்காரர் வேறு தெருவில் வண்டியை நிறுத்தியிருந்தார்.

6. ஸ்ரீரங்கம் சின்னக் கோயில் இல்லை. 156 ஏக்கர், ஏழு பிராகாரங்கள், 21 கோபுரங்கள். வெளிப் பிராகாரங்கள் எல்லாம் வீடும் கடையுமாக ஜனங்கள் வாழும் தெருக்கள். 1987-இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம் வரை வெறுங்காலில் நடந்தால் எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள். கல், கல், அப்புறம் தார்ரோடு.

7. நான் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினேன். அம்மா நிதானமாக நடந்து வந்தார். "என்ன எய்யா, இந்தச் சூட்டுக்கே இந்தக் குதி குதிக்கே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் என் மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

8. 3 மணி அமர்வுக்குச் சரியாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். கிரெடிட் ஹவர் முக்கியமாச்சே! இரவு அறைக்குத் திரும்பியபோது அம்மா சொன்னார்: "கால்ல ஏதோ ஈரமா இருக்கு, பாரேன்." வலிக்குது என்று சொல்லவில்லை. ஈரமா இருக்கு என்றார். இரண்டு பாதத்திலும் பெரிய கொப்புளங்கள். வலது காலில் உடைந்து வழிந்துகொண்டிருந்தது.

9. என்ன நடந்தது? நீண்ட நாள் சர்க்கரை, பாதத்தின் நுண்நரம்புகளைக் கெடுக்கும். வலியும் சூடும் மூளைக்குப் போய்ச் சேராது. சுமார் 50 டிகிரி சூடான பரப்பில் சில நிமிடம் கால் பட்டாலே தோல் பொசுங்கும். சித்திரை வெயிலில் கருங்கல் அதைத் தாண்டும். நமக்குக் கால் தானாகத் துள்ளும். அவர்களுக்குத் துள்ளாது. அதுதான் ஆபத்து.

10. ஓ.பி.யில் எத்தனையோ பேரின் பாதத்தில் அந்த நைலான் இழையை வைத்து "தெரியுதா, தெரியுதா" என்று கேட்பவன் நான். என் அம்மாவின் காலில் ஒருநாள்கூட வைத்ததில்லை. இடது கால் மூன்று வாரத்தில் ஆறியது. வலது கால் பதினோரு வாரம். நடுவில் பெருவிரலை எடுக்க வேண்டி வருமோ என்று இரண்டு இரவு தூங்கவில்லை. வரவில்லை. இதில் கோயில் மேல் குற்றமில்லை, வெயில் மேலும் இல்லை. என் அவசரம்தான்.

11. ஒரு தகவல். ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளேயே தன்வந்திரி சன்னிதி இருக்கிறது. போசளர் காலத்தில் இங்கே கட்டிய ஆரோக்கியசாலை சிதைந்துபோக, கருடவாகன பட்டர் பரம்பரையில் வந்தவர் அதைப் புதுப்பித்து தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. நடந்து களைத்து வருகிறவர்களுக்கு வைத்தியமும் வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். அம்மாவைக் கூட்டிப்போன டாக்டர் யோசிக்கவில்லை.

12. ஆகவே, திருச்சி வருகிறவர்களுக்கு:
- மாநாடு விடுகிற இடைவேளை திருச்சியைப் பார்க்கிற நேரம் கிடையாது. மதியம் கல் கொதிக்கும், பல கோயில்களில் நடையும் சாத்தியிருக்கும். ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். காலை 6 மணிக்கு ஸ்ரீரங்கம், அப்படியே திருவானைக்காவல். மாலையில் மலைக்கோட்டை.
- உச்சிப் பிள்ளையாருக்கு நானூறுக்கும் மேல் படிகள். ஏறும்போது நெஞ்சு அழுத்தினாலோ, தாடை வலித்தாலோ, வழக்கத்தை மீறி மூச்சு வாங்கினாலோ அங்கேயே நில்லுங்கள். "இன்னும் கொஞ்சம்தான்" வேண்டாம்.
- பெரியவர்களுக்கு சக்கர நாற்காலி, பேட்டரி கார் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். தடித்த பருத்தி சாக்ஸ் போடலாமா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே வரும் வாசலிலேயே செருப்பை விடுங்கள்.
- அறைக்கு வந்ததும் பாதத்தையும் விரல் இடுக்கையும் நீங்களே பாருங்கள். சுட்டிருந்தால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். ஐஸ், பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

13. மாநாடு நடத்தும் நண்பர்களுக்கு: உடன் வருபவர்களுக்கும் கட்டணம் வாங்குகிறோம். அவர்களுக்குச் சேலைக் கடை போதுமா? காலை 6 மணிக்கு ஒரு வேன், நாலு சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு. பெரிய செலவில்லை.

14. இந்த வருடம் மார்கழியில் அம்மாவை மறுபடி கூட்டிப்போனேன். மாநாடு எதுவும் இல்லை. அதிகாலை, குளிர்ந்த கல், சக்கர நாற்காலி, சாக்ஸ். தன்வந்திரி சன்னிதியில் ரொம்ப நேரம் நின்றார். "என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்றேன். "உனக்கு நேரம் கெடைக்கணும்னுதான்" என்றார்.

15. உங்கள் வீட்டில் சர்க்கரை இருக்கும் பெரியவர் இருந்தால், இன்று இரவு அவர் பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியை மெல்லத் தொட்டு, "தெரியுதா?" என்று கேளுங்கள். "தெரியல" என்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கம் போகலாம். பெருமாள் எங்கும் போய்விட மாட்டார்.