இயல்பும் நோயும்

சப்பிரகமுவையின் தோட்டங்களைப் பற்றி எழுதுவோர் கொழுந்தையும் இரப்பர்ப்பாலையும் லயங்களையும் எழுதுவர். அங்கு வாகனங்களை ஓட்டியும் திருத்தியும் வாழ்ந்தோரின் அறிவைப் பற்றி நான் வாசித்தது மிகக் குறைவு. இறக்குவானைப் பகுதித் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் சாரதியாக இருந்த என் பெரியப்பாவிடம் கண்ட அவ்வறிவை இங்கே எழுத முற்படுகின்றேன்.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் காலத்து மோட்டார்கள் சில கைமாறி இங்கேயே தங்கின. எங்கள் பக்கத்தில் அப்படித் தங்கியது அறுபதுகளில் செய்யப்பட்ட ஓர் எம்.ஜி. மிட்ஜெட், இருவர் மட்டுமே அமரக்கூடிய, தாழ்ந்த விளையாட்டுக் கார். அதன் இப்போதைய உரிமையாளர் கடந்த ஆண்டு இரண்டு முறைப்பாடுகளுடன் வந்தார். காலையில் வேகமூட்டினால் இயந்திரம் இடறுகிறது; கியர் மாற்றினால் பல் கடிக்கிறது. நகரத்துப் பட்டறையொன்று கியர்பெட்டியை இறக்கிப் பிரிக்கவேண்டும் என்று கூறியிருந்தது. அச்செலவுக்கு அஞ்சி அவர் காரையே விற்றுவிட எண்ணியிருந்தார்.

பெரியப்பா மிட்ஜெட்டை முன்னர் திருத்தியவரல்லர். ஆயினும் மொரிஸ் மைனரை நன்கறிந்தவர். 1956 முதல் மொரிஸ் மைனருக்குப் பொருத்தப்பட்ட 948 கன சென்ரிமீற்றர் இயந்திரமே, 1961 இல் வெளிவந்த முதல் மிட்ஜெட்டிலும் சில மாற்றங்களோடு அமைந்தது. “இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான் தம்பி” என்றார்.

இரவு முழுவதும் நின்ற காரை விடியற்காலையிற் பார்ப்பதே அவர் முறை. குளிர்ந்த உலோகத்திற் பெற்றோல் நன்கு ஆவியாவதில்லை. ஆகவே சோக்கை இழுத்துக் கலவையைச் செறிவாக்குகிறோம். சோக்கை இழுத்தும் இயந்திரம் இடறியதால், அவர் இரு எஸ்.யூ. காபரேட்டர்களின் மேல்மூடிகளையும் கழற்றினார். உள்ளே எண்ணெய் வற்றியிருந்தது. திடீரென வேகமூட்டும்போது உள்ளிருக்கும் பிஸ்டன் துள்ளி எழாமல் தடுப்பது அவ்வெண்ணெயே. அது இல்லையேல் காற்று மிகுந்து கலவை மெலியும். சில துளி எண்ணெயோடு அந்த நோய் தீர்ந்தது.

அடுத்தது கியர்பெட்டி. கார் நிற்கையில் கிளச்சை முழுதும் அழுத்தி, சற்றுப் பொறுத்து, பின்செல்லும் கியரை இட்டார். ஓசையில்லை, எனவே கிளச்சிற் குறையில்லை. ஓட்டிப் பார்த்தார். மூன்றாம் கியரில் உறுமி, நான்காம் கியரில் அடங்கினால் கீழ்த்தண்டின் பேரிங் தேய்ந்திருக்கும். நான்காம் கியரில் விசை அத்தண்டைச் சாராது நேரே செல்லும். அவ்வுறுமலும் இல்லை. கார் நகரும்போது முதலாம் கியர் பல் கடித்தது. அக்காலத்து மிட்ஜெட்டில் முதலாம் கியருக்கு வேகத்தை ஒத்திசைக்கும் அமைப்பே கிடையாது. ஆகவே அது நோயன்று, பிறவிக்குணம். இரண்டாம் கியரோ குளிரில் மட்டுமே கடித்தது. சில மைல்களிற் பணிந்தது. வடிகால் ஆணியைக் கழற்றியபோது தடித்த கியர் எண்ணெய் வழிந்தது. இப்பெட்டிக்கு உரியது இயந்திர எண்ணெயே. அதை மாற்றியபின் கடி பெரிதும் குறைந்தது. எஞ்சிய சிறு கடியை, “வயசுக்கு வந்த தேய்மானம், காலையில் பொறுமையாக மாற்றுங்க ஐயா” என்று உரிமையாளரிடம் மறைக்காமற் சொன்னார். கார் விற்கப்படவில்லை, கியர்பெட்டியும் பிரிக்கப்படவில்லை.

நான் கலைப்பீட மாணவன். என்னைக் கவர்ந்தவை அவருடைய சொற்கள். இடறுதல், பல் கடித்தல், உறுமல், பணிதல் என்பன அவருக்கு அலங்காரங்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தனிக்குறையைச் சுட்டும் கலைச்சொல். சொல் வேறுபட்டதனாற்றான் நோய் வேறுபட்டது. இயல்பு எது, நோய் எது என்பதும் தெளிந்தது. பட்டறையினர் எல்லா ஓசைக்கும் “சத்தம்” என்ற ஒரே பெயரையிட்டனர். எனவே ஒரே மருந்தையே விதித்தனர்.

பெரியப்பாவிடம் சான்றிதழ் எதுவுமில்லை. தோட்டப் பதிவேட்டில் அவர் ஒரு சாரதி மட்டுமே. அவரிடம் தொழில் பயின்ற இளைஞர் இருவரும் கொழும்புக்குச் சென்றுவிட்டனர். எழுபது வயதில் அவருடைய செவியும் மங்கி வருகிறது. தமிழிற் கலைச்சொல் போதாது என்று மண்டபங்களில் வருந்தும் நாம், விடுமுறையில் வீடு செல்லும்போது ஒரு குறிப்பேட்டையும் கொண்டு செல்வோமாக.